தெற்குச் சுவர்

சிவரூபி பேனையை மூடி மேசையில் வைத்தாள். “எங்கள் வீட்டுச் சுவரை உடைக்க எனக்கு அனுமதி வேண்டும்” என்றாள். “புதன்கிழமை காலைக்கு முதல் வேண்டும்.”

ஆங்கிலத்தில்தான் கேட்டாள். எந்த மொழியில் கேட்டிருந்தாலும் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அப்படித்தான் விழித்திருப்பார்கள். கூட்டத்தில் குறிப்பு எழுதுகிற பெட்டை வாயைத் திறந்ததே அவர்களுக்குப் புதினம். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற குழுவிடம் வந்து, காப்பாற்றி வைத்திருக்கிற கட்டடம் ஒன்றை உடைக்கவேண்டும் என்று கேட்கிறாள் என்பது அதைவிடப் புதினம். அவளுடைய தகப்பன் நவரட்ணம் முதல்நாள் விடியத்தான் செத்தார் என்பதும், செத்த வீட்டுத் துடக்கோடு, தீட்டும் பாராமல், அவள் நகரசபைக் கட்டடத்துக்குள் வந்து இருக்கிறாள் என்பதும் தலைவருக்கும் ஹெலனுக்கும் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது.

கேட்காதே என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஒன்று ஹெலன். குழுவின் வேலைகளைப் பார்க்கிற அதிகாரி, சிவரூபியின் மேலாள். ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அறைக்குள் கூப்பிட்டு, “உன்னுடைய வீடும் எங்கள் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற வீடு. அந்த வீட்டுக்காக இந்த மேசையில் நீ ஒருநாளும் எதையும் கேட்கக்கூடாது. கேட்டால் என்னால் உன்னைக் காப்பாற்ற முடியாது” என்று சொல்லியிருந்தாள். மற்றது அன்புராசா மாமா. தாயின் தம்பி. அன்று காலையில் செத்தவீட்டுக்கு வாங்கி வந்த வாழைப்பழத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்.

“பிள்ளை, உதை உன்ர ஒஃபீஸிலை போய்க் கதைச்சுப்போடாதை. யூனிவேர்சிற்றிக்குப் போயும் உதுகளை நம்புதுகள் எண்டு வெள்ளையள் சிரிப்பங்கள்.”

சிரிக்கட்டும் என்றுதான் வந்தாள். நவரட்ணத்தின் பரம்பரையில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். படித்த பிள்ளை கேட்டால் கிடைக்கும் என்று தாய் நம்பியிருந்தாள்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே மல்வேர்னில், ஒன்றோடொன்று ஒட்டி வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த ரவுண்ஹவுஸ்களுக்கு நடுவில் அந்த வீடு மட்டும் தனியே நிற்கும். சிவப்புக் கல், நடுநடுவே மஞ்சள் கல்லில் வைரம்போலக் கட்டம், தெருவைப் பார்த்தபடி ஒரு முகப்பு. சுற்றியிருந்த தோட்டமெல்லாம் விற்றுப்போக, கிறெய்க் என்ற ஸ்கொட்லாந்துக்காரன் அந்தக் காலத்தில் கட்டின வீடு மட்டும் மிஞ்சியது. வாங்க ஆள் இல்லாமல் கிடந்ததை நவரட்ணம் வாங்கினார். மற்ற வீடுகளைச் சுவரில் தட்டிப் பார்த்து, பலகையும் மட்டையும் என்று சொல்லிவிட்டு வந்தவர், இதைத் தட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார். “இது கல்வீடு” என்றார். பாண் சுடுகிற ஃபக்ரறியில் இராவேலை செய்துவிட்டு வந்து, வாசலில் ஏறுமுன் உள்ளங்கையால் சுவரை ஒருதரம் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

வீட்டைப் பட்டியலில் போடச் சொன்னது சிவரூபி. அப்போது அவள் இறுதி வருடம். ஒருவரும் இடிக்க ஏலாது அப்பா, உங்களுக்குப் பிறகும் நிற்கும் என்று விளங்கப்படுத்தினாள். அவர் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் விஷயம் விளங்கியது. குளிருக்குப் புது ஜன்னல் போட ஏலாது. முன்கதவின் நிறத்தை மாற்ற ஏலாது. ஒரு ஆணி அடிக்கிறதென்றாலும் கேட்டு அடிக்க வேண்டும். அவர் குறை சொல்லவில்லை. ஜன்னல் இடுக்கில் தான் கட்டின பழைய சாரத்தைக் கிழித்துச் செருகினார்.

குழுவின் தலைவர் டொக்டர் விட்மோர். பல்லுப் பிடுங்கி ஓய்வுபெற்றவர், நல்ல மனுஷன். முதலில் தகப்பனுக்காகத் துக்கம் தெரிவித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஏன் உடைக்கவேண்டும் என்று கேட்டார்.

சிவரூபி சொன்னாள். ஐந்து நட்சத்திரங்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் செத்தால் எங்கள் ஆட்கள் அதைப் பஞ்சமி என்பார்கள். பஞ்சமியில் செத்தவரை வாசலால் கொண்டுபோகக்கூடாது. வாசல் அவருக்குத் தெரிந்த வழி. தெரிந்த வழியால் போனவர் அதே வழியால் திரும்பி வருவார். அதனால் சுவரிலோ கூரையிலோ புதுவழி ஒன்று பிரித்து, அதனால் அனுப்பிவிட்டு, உடனே அடைத்துவிடுவார்கள். வந்து தடவிப் பார்த்தாலும் வழி கிடைக்காது. என் தகப்பனை வாசலால் கொண்டுபோய்விட்டார்கள். எங்களுக்கு அப்போது தெரியாது. இப்போது உடம்பு ஃபியூனரல் ஹோமில் இருக்கிறது, அவர் வீட்டுக்குள் நிற்கிறார் என்று என் தாய் சொல்கிறாள். புதன்கிழமை எரிக்கிறதற்கு முதல் வழி விடவேண்டும்.

சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரல் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிபோலக் கேட்டது. மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், மிகவும் பவ்வியமாக, “நீ இதை நம்புகிறாயா?” என்று கேட்டாள்.

“ஒக்ரோபரில் லாம்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஆட்களைக் கூட்டிவரும்போது, நான் உங்களிடம் அதைக் கேட்டேனா?”

ஹெலன் தலையைக் குனிந்துகொண்டாள்.

அது உண்மைதான். வருடா வருடம் ஒக்ரோபர் கடைசியில் குழு ஒரு பேய் நடை வைக்கும். டொக்டர் விட்மோர் பழங்காலத்துத் தொப்பி போட்டு, கையில் லாம்போடு முன்னே வருவார். கிறெய்க்கின் மனைவி பிள்ளைப்பேற்றில் இந்த வீட்டில் செத்தாள், இன்றைக்கும் மாடியில் நடக்கிறாள் என்று சொல்லுவார். நவரட்ணம் வேலைக்குப் போகிற ஜாக்கற்றோடு கதவைத் திறந்து பிடித்தபடி நிற்பார். நீ அவளைக் கண்டிருக்கிறாயா என்று ஒருதரம் யாரோ கேட்டதற்கு, “யெஸ், யெஸ். வெரி குவாயிற் லேடி” என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். அந்தச் சிரிப்பு சிவரூபிக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை. அவளுடைய தகப்பனையும் கண்காட்சிப் பொருளாக்கின சிரிப்பு அது.

எந்தச் சுவர் என்று விட்மோர் கேட்டார்.

மேற்குச் சுவர் என்றாள். முன்னறையின் மேற்குச் சுவரில் ஒரு வாசலை அடைத்த அடையாளம் இருக்கிறது. வெளியில் நின்று பார்த்தால் அந்த இடத்துக் கல் கொஞ்சம் வெளிறித் தெரியும். வீடு கட்டினபோது வைத்த கல் அல்ல, பிற்பாடு வைத்தது. அதில் நாலைந்தைக் கழற்றிவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன். அப்பா செத்ததும் அந்த அறையில்தான்.

“ஆ, அந்த வாசல்” என்றார் விட்மோர். அவருடைய முகத்தில் அவருக்குத் தெரியாமலே ஒரு வெளிச்சம் வந்தது. “பாவம் கிறெய்க். மனைவியை அந்த வாசலால்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கே அவர் தன் கையால் அதைக் கல் வைத்து அடைத்தார். அவளைக் கொண்டுபோன வாசலைத் திரும்பப் பார்க்க அவருக்கு மனம் தாங்கவில்லை.”

சிவரூபி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கதையை அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். தட்டச்சும் செய்திருக்கிறாள். இப்போதுதான் அது அவளுடைய காதுக்குள் போனது.

“மனம் தாங்காமல் அடைக்கவில்லை” என்றாள். “அவள் திரும்பி வரக்கூடாது என்று அடைத்தவர்.”

மேசையில் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“உங்களுடைய ஆளும் இதைத்தான் செய்திருக்கிறார்” என்றாள். “அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நீங்கள் அதைப் பித்தளைத் தகட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.”

விட்மோர் கோபிக்கவில்லை. அவர் கோபித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யோசித்து யோசித்து, மெல்லமாகத்தான் சொன்னார். அடைத்த கல்லுக்கும் நூறு வயது தாண்டிவிட்டது, இப்போது அதுவும் பாதுகாக்கவேண்டிய கல்தான். வரைபடம் வேண்டும், கொத்தனாரின் மதிப்பீடு வேண்டும், இன்றைக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கோரிக்கையை ஜனவரிக் கூட்டத்துக்குத் தள்ளிவைப்போம் என்றார். யாரோ செருமினார்கள். ஜனவரியில் அந்த நகரசபையே இருக்கப்போவதில்லை. ஆறு நகரசபைகளையும் ஒன்றாகக் கட்டி ஒரே ரொறன்ரோ ஆக்குகிறார்கள். இந்தக் குழு, இந்த மேசை, தலைவருக்கு முன்னால் இருக்கிற பெயர்ப்பலகை எல்லாம் வருட முடிவோடு போய்விடும். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். இருந்தும் கைதூக்கினார்கள்.

சிவரூபி பேனையைத் திறந்து, தன்னுடைய கோரிக்கையைத் தானே எழுதினாள். தள்ளிவைக்கப்பட்டது என்று எழுதினாள். கோட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

பிழை எங்கே தொடங்கியது என்று பஸ்ஸில் இருந்து யோசித்தாள். ஞாயிறு விடியற்காலையில் தொடங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பாவுக்கு மாடி ஏற ஏலாமல், முன்னறையில்தான் கட்டில் போட்டிருந்தார்கள். இருதயம் இனி இழுக்காது என்று டொக்டர்மார் சொல்லித்தான் அனுப்பினார்கள். கடைசி நேரத்தில் அவர் எழும்பிக் கட்டில் நுனியில் இருந்தார். கையை நீட்டிச் சுவரைத் தடவினார். லைற் சுவிச்சைத் தேடுகிறார் என்று நினைத்து இவள் லைற்றைப் போட்டாள். அதற்குப் பிறகும் தடவினார்.

“கதவெங்க பிள்ளை?” என்று கேட்டார்.

“அங்க இருக்கப்பா, அந்தப் பக்கம்.”

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சுவரில் கை வைத்தபடியே சரிந்தார்.

டொக்டர் வந்தார், பார்த்தார், எழுதினார். கறுப்புக் கோட்டோடு இரண்டு பேர் வந்து, சில்லு வைத்த படுக்கையில் அவரை ஏற்றி, முன்வாசலால் உருட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் மாமா நேரம் குறிக்க ஐயருக்கு ஃபோன் எடுத்தார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “வெளிக்கிட்டாச்சோ?” என்று கேட்டார். “ஓம் ஐயா, கொண்டுபோட்டினம்” என்றார் மாமா. “எதாலை?” என்றார் ஐயர்.

ஊரில் என்றால் ஆள் செத்ததும் நட்சத்திரத்தைக் கேட்பார்கள். இங்கே ஹெல்த் கார்ட்டைக் கேட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கனடாவில் இதுக்கெல்லாம் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டால் காணும் என்று ஐயர் சொன்னார். அப்பார்ட்மெண்டுகளில் பல்கனிக் கதவைத் திறந்துவிடுகிறார்களாம். மாமாவுக்கு அது பெரிய நிம்மதி. அம்மாதான் மாட்டேன் என்றாள். பேபி என்று செல்லப்பெயர் வைத்து, வயது போயும் எல்லாரும் பேபியக்கா என்றே கூப்பிடுகிற அந்த மனுசி, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு ஐயரின் சொல்லைத் தட்டினாள். ஜன்னல் அடைக்க ஏலாத வழி என்றாள். நாளைக்கும் அது ஜன்னலாகத்தான் இருக்கும், மனுசன் வந்து எட்டிப் பார்ப்பார் என்றாள்.

சிவரூபி வீட்டுக்கு வந்தபோது அம்மா முன்னறையில், அவர் செத்த இடத்தில் ஏற்றி வைத்த விளக்குக்குப் பக்கத்தில் இருந்தாள். செம்பில் தண்ணீர் இருந்தது. சனங்கள் குசினியில் மெல்லமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நகரசபை விடாது என்று சிவரூபி சொன்னாள். விடாவிட்டாலும் மேற்குச் சுவரில் ஒரு அடைத்த வாசல் இருக்கிறது, அதில் நாலு கல்லை நானே கழற்றுகிறேன் என்றாள். விட்மோர் சொன்ன கதையையும் சொன்னாள். கிறெய்க் எதற்காக அடைத்தார் என்று தனக்குப் பட்டதையும் சொன்னாள்.

அம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்ப அது வேண்டாம்” என்றாள்.

“ஏனம்மா?”

“அது அவளின்ர வழியெல்லே. அவளின்ர மனுசன் அடைச்சு வைச்சிருக்கிறான். நாங்கள் திறந்தா அவள் உள்ளுக்கை வந்திடுவள்.”

சிவரூபிக்குச் சிரிப்பு வந்தது. அந்த இரண்டு நாளில் முதல் சிரிப்பு. “அவள் மாடியிலை நடக்கிறாள் எண்டெல்லோ உவங்கள் சொல்லுறாங்கள்.”

“உவங்களுக்கென்ன தெரியும். மாடியிலை ஒருத்தரும் இல்லை. அவள் வெளியிலைதான் நிக்கிறாள். நல்ல காலம் அடைச்சவன்.” அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “அவள் உள்ளுக்கை வந்து, இவரும் போகேலாமல் நிண்டா என்ன செய்யிறது? கொப்பருக்கு இங்கிலீசும் வராது. அவளோடை என்னத்தைக் கதைச்சுக்கொண்டு இருப்பார்?”

சிவரூபி சிரிப்பை விட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

“பின்னை எதாலை?” என்று கேட்டாள்.

“தெற்காலை” என்றாள் அம்மா. “செத்தவை தெற்காலைதானே போறவை.”

தெற்குச் சுவர் என்றால் முகப்பு. மஞ்சள் கல் வைரங்கள் உள்ள சுவர். நகரசபையின் பித்தளைத் தகடு பூட்டின சுவர். அந்த வீட்டைப் பட்டியலில் போட்டதே அந்தச் சுவருக்காகத்தான். அதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கச் சிவரூபியே எழுதியிருந்தாள். கட்டின நாளிலிருந்து ஒரு கல்லும் அசையாதது என்று எழுதியிருந்தாள். அடைப்புக் கல்லைக் கழற்றினால் வாயாலே பேசித் தப்பலாம். இதற்கு வழக்கு வைப்பார்கள். வேலை போகும். இந்தத் துறையிலே பிறகு அவளை ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

அதை அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. நீ கஷ்டப்படாதை பிள்ளை என்றாள். பிறகு சாதாரணமாக, கடைக்குப் போகவில்லை என்று சொல்கிறதுபோல, “நான் புதன்கிழமை வரேல்லை” என்றாள்.

“எங்க வரேல்லை?”

“செத்தவீட்டுக்கு. அங்க கிடக்கிறது உடம்புதானே. ஆளைத் தனிய விட்டிட்டு நான் என்னெண்டு வாறது?”

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சனங்கள் வந்து அம்மாவோடு கதைத்தார்கள். மோர்னிங்சைட்டிலிருந்து வந்த அன்ரி ஒருத்தி, புருஷனுக்கு வாய்க்கரிசி போடாமல் ஒரு பெண்சாதி இருக்கலாமோ என்று அழுதாள். மாமா கோபித்தார். நாங்கள் சனத்துக்கு முன்னாலை தலைகாட்டவேண்டாமோ என்றார். இந்தப் பேய்வீட்டை வாங்கவேண்டாம் எண்டு அத்தானுக்கு அண்டைக்கே சொன்னனான் என்றார். அம்மா எல்லாருக்கும் தலையாட்டினாள். இடத்தை விட்டு எழும்பவில்லை.

பின்னேரம் சனம் குறைந்த நேரத்தில் சிவரூபி அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். வெளியில் பனி தொடங்கியிருந்தது. அறைக்குள் காலை வைத்தபோது சுவர்ப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. அப்பா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றுமுன், தான் வந்ததைச் சொல்லுகிற மாதிரி ஒரு செருமல் செருமுவார். அது. தேத்தண்ணி சேலையில் சிந்தியது. ஹீற்றர் குழாயாக இருக்கும், பழைய வீடு, எல்லாம் சத்தம் போடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அம்மா திரும்பவில்லை.

“என்னம்மா, ஏதும் கேட்டதோ?” என்றாள்.

“இல்லையே. உனக்கு?”

“இல்லை.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். சிவரூபி நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை என்றுதான் அவள் சத்தியம் பண்ணுவாள். ஆனால் நம்பாத விஷயத்துக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய இடமும் உண்டென்று எந்தப் பேராசிரியனும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எழும்பிப் போய்த் தெற்குச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே, பூச்சு உதிர்ந்து கல் தெரிந்த இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பழைய சுண்ணாம்புச் சாந்து மாவாகக் கொட்டியது. சீமெந்து என்றால் மெஷின் வேண்டும். இதற்கு உளியும் பொறுமையும் காணும். அந்தப் படிப்பில் அவளுக்குத் தந்த முதல் பாடமே இதுதான்: பழைய சுவர் இளகிய சுவர், கவனமாகக் கையாளு.

அன்று பொழுதுபடமுன் ஹார்ட்வெயர் கடைக்குப் போய்வந்தாள். என்ன வாங்கினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. செத்தவீடு நடக்கிற வீட்டில் கடைக்குப் போகிறவர்களை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

புதன்கிழமை ஃபியூனரல் ஹோமில் சனம் நிரம்பியிருந்தது. ஃபக்ரறியில் கூட வேலை செய்தவர்கள் சுவரோரமாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்குள் நவரட்ணத்துக்குப் பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, உதட்டில் யாரோ மெல்லிய சாயமும் தடவியிருந்தார்கள். அது அவர் இல்லை என்று அம்மா சொன்னது உண்மைதான் என்று சிவரூபிக்குப் பட்டது. பிறம்ரனிலிருந்து வந்த பெரியப்பாவின் மகன், ட்ரக் ஓடுகிறவர், கொள்ளி வைக்க ஆயத்தமாக ஈரவேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றார். மகள் இருக்க அவர் ஏன் என்று சிவரூபி முதல்நாள் கேட்டதற்கு, “ஊரிலை கொள்ளி, இஞ்ச ஒரு பட்டன். அதுக்கும் ஆம்பிளைதான் வேணுமாம், நான் என்ன செய்ய?” என்று அந்த மனுஷனே வெட்கப்பட்டார்.

பேபியக்கா எங்கே, பேபியக்கா எங்கே என்று கேட்டவர்களுக்கு மாமா பிரஷர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயர் உரலில் சுண்ணம் இடிக்கச் சொன்ன நேரத்தில் ஹெலன் வந்தாள். கறுப்புக் கோட்டு, கையில் வெள்ளைப் பூச்செண்டு. அதை எங்கே வைக்கிறதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி, சப்பாத்தைக் கழற்றுகிறதா வேண்டாமா என்று வாசலைப் பார்த்தாள். சிவரூபி போய் அவளைப் பின்பக்கத்துக்குக் கூட்டிவந்தாள்.

“அந்தக் கூட்டக் குறிப்பை நான் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை” என்றாள் ஹெலன், தாழ்ந்த குரலில். “நீ பேசினதை எடுத்துவிடலாம். புது நகரசபை வேலைக்கு எங்களிடமிருந்து இரண்டு பெயர்தான் கேட்டிருக்கிறார்கள். ஒன்று உன்னுடையது. நான் எழுதியாகிவிட்டது.”

சிவரூபி நன்றி சொன்னாள். உண்மையாகவே சொன்னாள்.

ஹெலன் பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பழைய வீடுகளில் பனிக்காலத்தில் கல் இளகுவது உண்டு, ரூபி. முக்கியமாக அடைத்த இடங்களில். மேற்குச் சுவரில் நாலு கல் இளகி விழுந்தால், அதைத் திரும்ப வைத்தால், நான் அதைப் போய்ப் பார்க்கப்போவதில்லை.”

அவள் அதற்குமேல் தரக்கூடியது ஒன்றுமில்லை. முப்பது வருடம் விதியைப் பார்த்து நடந்த மனுசி, கோட்டின் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு வந்து, தன் வாழ்க்கையில் முதல் பொய்யை ஒரு செத்தவீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். சிவரூபிக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது. அவள்மேல் கத்தவேண்டும்போலவும் இருந்தது. மேற்கு வாசலின் வெளியில் யார் நிற்கிறாள் என்று இவளுக்கு எப்படிச் சொல்கிறது? சொன்னால் இவள் அதையும் அடுத்த ஒக்ரோபருக்கு எழுதி வைப்பாள்.

முன்னே சத்தம் எழும்பியது. பெட்டியை மூடப்போகிறார்கள். கடைசியாகப் பார்க்கிறவர்கள் பாருங்கள் என்று மாமா சொல்லக் கேட்டது. பெண்கள் பெட்டியைச் சுற்றி விழுந்து அழத் தொடங்கினார்கள். அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மகளை விடுங்கோ, மகளை விடுங்கோ என்று சனம் விலகி வழிவிட்டது. அந்த வழியின் அந்தக் கரையில் பெட்டியின் பளபளப்பான விளிம்பும், பட்டின் மஞ்சளும், நெற்றியில் கொஞ்ச இடமும் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

மூடினால் நேரே எரிக்கிற இடத்துக்குத்தான். உடம்பு போகிற நேரத்தில் வீட்டில் வழி திறந்திருக்கவேண்டும். அம்மா விளக்குக்குப் பக்கத்தில் தனியே இருக்கிறாள்.

சிவரூபி மாமாவைப் பார்த்துத் தலையசைத்தாள். மூடச் சொல்லி. மாமாவுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

அவள் வெள்ளைச் சேலையின் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். கோட்டைப் போடவில்லை.

“ரூபி, எங்கே போகிறாய்?” என்றாள் ஹெலன்.

“வீட்டுக்கு.”

ஹெலன் அவளோடு கூடவே கதவுவரை வந்தாள். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

“மேற்குத்தானே?”

“இல்லை” என்றாள் சிவரூபி. “தெற்கு.”

ஹெலன் நின்றுவிட்டாள். பூச்செண்டைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறங்கியது. அவளுடைய கண்ணுக்குள் அந்த மஞ்சள் வைரங்கள் ஒவ்வொன்றாகப் போவதைச் சிவரூபி பார்த்தாள். அதற்குமேல் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

பார்க்கிங் லொட்டில் பனி பெய்துகொண்டிருந்தது. பெட்டி ஏற்றுகிற நீளக் கறுப்புக் கார் இஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. அதற்குப் பின்னால் குடும்பத்துக்கென்று ஒரு கார். நரைத்த மீசையோடு அதன் பக்கத்தில் நின்ற சாரதி, வெள்ளைச் சேலையோடு ஒருத்தி வருவதைக் கண்டதும் தொப்பியைத் தொட்டுவிட்டு, அவசரமாக வந்து பின்கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் அவரைத் தாண்டி அப்பாவின் பழைய காரை நோக்கி நடந்தாள். அவருக்கு என்ன செய்கிறதென்று தெரியவில்லை. கதவைச் சாத்தாமல், ஒரு கையால் பிடித்தபடியே நின்றார். கறுப்புத் தோல் சீற்றின்மேல் பனி விழுந்து விழுந்து கரைந்துகொண்டிருந்தது.